பெற மறுத்தார்

சலவைக்கூடத்தில் இருபத்தோரு வருஷம் நின்றவளுக்கு, உட்கார்ந்து வேலை பார்க்கச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு அது. சனி, ஞாயிறு மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை. பணியாளர் மேலாண்மை, ஆறு வாரம், கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு, அப்புறம் சான்றிதழ். சான்றிதழ் வந்துவிட்டால் மாடியில் பர்சனல் மேனேஜரின் அறைக்கு வெளியே உதவி அதிகாரியின் இடம் அவளுக்கு. இடம் என்றால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மேஜை கிடக்கட்டும். அந்த நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது, முதுகு சாய்த்தால் சாய்ந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இரண்டு மாதமாக அங்கே கிடந்தது.

அவளுடைய முழங்கால் இரண்டும் எப்போதோ மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டன. "நிக்கிறத குறைச்சுக்குங்கம்மா" என்றார் டாக்டர். டாக்டருக்கென்ன, அவர் உட்கார்ந்துகொண்டுதானே சொன்னார்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி உருளையில் விட்டு எடுத்து, மடித்துக் கட்டி அனுப்புகிற இடம் அது. உள்ளே நுழைந்த மாத்திரத்தில் கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் தெரியாது, அவ்வளவு ஆவி. மடிப்பு மேஜைகளில் பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்கு மேல் இவள். மாடியில் இருக்கும் காகிதங்களில் இவள் 'மேற்பார்வையாளர், மடிப்புப் பிரிவு'. கீழே எல்லோருக்கும் அக்கா. இவளைவிட ஆறு வயது மூத்தவள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டாள், இவளும் கூச்சமில்லாமல் "என்னடி" என்பாள்.

வகுப்பு நடந்த இடம் ஒரு வங்கிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. லிஃப்ட் உண்டு, ஆனால் சனி ஞாயிறு ஓடாது. முட்டியைக் காப்பாற்றிக்கொள்ளப் படிக்க வந்தவள் ஒவ்வொரு வாரமும் அறுபத்தாறு படி ஏறி, அந்த முட்டியை மேலும் கொஞ்சம் கெடுத்துக்கொண்டு இறங்கினாள். பக்கத்து இருக்கையில் பஸ் டிப்போவின் டைம்கீப்பர். உட்கார்ந்த ஐந்தாம் நிமிடம் தூங்கிவிடுவார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சரியான பதிலோடு விழித்துக்கொள்வார். அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி வார்டு இன்சார்ஜ் அம்மாள். மூன்று பேருக்கும் வாரத்தில் ஏழு நாளும் வேலை என்று ஆகிப்போனதில் ஒரு ஒட்டுதல் வந்திருந்தது.

பயிற்சியாளருக்கு வகுப்பு வைத்த பெயர் 'பாயின்ட் சார்'. எதைச் சொன்னாலும் "பாயின்ட்டுக்கு வருவோம்" என்பார், வரமாட்டார். நல்ல மனிதர். தொண்டை கட்டிப்போய், எந்நேரமும் ஒரு இருமல் மிட்டாய் கன்னத்தில் அடங்கிக் கிடக்கும். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது: வளர்ந்தவர்கள் எழுதிய தாளில் சிவப்பு மையால் கிறுக்குவது மரியாதை இல்லை. அதனால் மதிப்பெண்ணை ஒரு சின்ன மஞ்சள் சீட்டில் எழுதி, தாளின் ஓரத்தில் ஒட்டுவார். படிப்புக்கு அனுப்பிய கம்பெனிகள் தங்கள் ஆட்கள் ஒழுங்காக வருகிறார்களா என்று பார்க்க வேண்டுமல்லவா? மாதக் கடைசியில் அந்தத் தாள்களை அப்படியே உறையில் போட்டு அந்தந்தக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். மரியாதை தெரிந்த ஒரு மனிதரின் மஞ்சள் சீட்டு இத்தனை பேர் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்று யார் கண்டார்கள்?

நான்காவது வாரப் பாடம் எச்சரிக்கைக் கடிதம். முதல் எச்சரிக்கை, இரண்டாவது, இறுதி. மூன்றையும் வரிசையாக எழுத வேண்டும். அவரவர் கம்பெனிப் படிவத்தையே கொண்டுவந்தால் கை பழகும் என்றார் பாயின்ட் சார். அவள் மாடி அலமாரியிலிருந்து மூன்று படிவங்களை எடுத்துப் போயிருந்தாள். குடித்துவிட்டு வேலைக்கு வருகிற ஒரு தொழிலாளியை மனதுக்குள் உருவாக்கி அரைப் பக்கம் எழுதினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கதை எழுதாதீங்கம்மா. உங்க எடத்துல நெஜமா நடக்கிற ஒண்ணை எடுத்துக்குங்க. பேரை மட்டும் மாத்திடுங்க. தேதி, நேரம் எல்லாம் அப்படியே இருக்கணும். தேதி இல்லாத லெட்டர் கோர்ட்டுல நிக்காது."

நிஜமாக நடக்கிற ஒன்று அவளுடைய கைப்பையிலேயே இருந்தது.

மடிப்பு மேஜையில் 'அரைமணி' என்று ஒருத்தி. ஏழு மணி வேலைக்கு ஏழரைக்கு வருவாள், அதனால் அந்தப் பெயர். கூப்பிட்டால் அவளே சிரித்துக்கொண்டு திரும்புவாள். அவளுக்குப் பதினோரு வயதில் ஒரு மகள். பேச்சு வராது, நடையும் பாதிதான். அந்தப் பிள்ளையைச் சிறப்புப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத்தான் வர முடியும். வேன் வருவதே ஏழு பத்துக்கு. பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் விடுப்பு என்பது கம்பெனிச் சட்டம். அப்படிப் பார்த்தால் அரைமணி வருஷத்தில் பாதி நாள் லீவில் இருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் அரைமணியும் உலர்த்தும் மெஷினின் பின்னால் நின்று பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வருகைப் பதிவேட்டில் அக்கா ஏழு என்று எழுதிவிடுவாள். மூன்றரைக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு அரைமணி நான்கு வரை இருந்து, கடைசி வண்டியில் வருகிற அறுவை சிகிச்சை விரிப்புகளை மடித்துவிட்டுப் போவாள். ஒருத்தரும் தொட விரும்பாத வேலை அது. கம்பெனிக்கு நஷ்டமில்லை, லாபம்தான். என்றாலும் என்றைக்காவது யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று அக்கா ஒரு குட்டி நோட்டு வைத்திருந்தாள். இடது பக்கம் அரைமணி வந்த நேரம், வலது பக்கம் போன நேரம். இரண்டு வருஷத்தில் ஒரு நாள் விட்டுப்போகவில்லை.

அந்த நோட்டை வகுப்பில் வெளியே எடுத்தாள். இடது பக்கத்தை மட்டும் பார்த்து எழுதினாள். பயிற்சிதானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது? பெயர்க் கட்டத்தில் செத்துப்போன மாமியாரின் பெயரை எழுதினாள். அவர் எழுந்து வந்து கேட்கப் போவதில்லை. அடுத்த கட்டம் பணி எண். பன்னிரண்டு பேருடைய எண்ணும் தினம் எழுதி எழுதிக் கைக்கு மனப்பாடம். கை அது பாட்டுக்கு அரைமணியின் எண்ணை எழுதிவிட்டது. மூளை அப்போது மூன்றாம் மாடி வெயிலில் பாதித் தூக்கத்தில் இருந்தது.

"ஊழியர் கடிதத்தை வாங்க மாட்டேன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் பாயின்ட் சார். டைம்கீப்பர் கண்ணைத் திறந்து, "'பெற மறுத்தார்'னு எழுதி ரெண்டு சாட்சி வாங்கணும் சார்" என்றார். அவர் கையெழுத்தும் வார்டு இன்சார்ஜ் அம்மாளின் கையெழுத்தும் சாட்சிக் கட்டங்களில் ஏறின. மூன்று கடிதத்திலும் 'பெற மறுத்தார்'. வேலை அவ்வளவு சுத்தம். மஞ்சள் சீட்டில் இருபதுக்குப் பதினெட்டு விழுந்தது. இந்த வயதில் மார்க் வாங்கி உச்சி குளிர்ந்தது அவளுக்கு. அன்றைக்கு அறுபத்தாறு படியும் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

ஆறாவது வாரம், புதன்கிழமை மதியம், பர்சனல் மேனேஜர் கூப்பிட்டார். மறுநாள் பதினோரு மணிக்குச் செய்முறைத் தேர்வு. பாயின்ட் சார் நேரில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். அவள் ஒரு ஊழியரைக் கூப்பிட்டு ஒரு கூட்டத்தை முறைப்படி நடத்திக் காட்ட வேண்டும்.

"தயாரா ஒரு கேஸ் இருக்கு" என்று ஒரு கோப்பை நீட்டினார். "மூணு எச்சரிக்கை குடுத்தாச்சு. நாளைக்கு வேலை நீக்கக் கூட்டம். நீங்களே நடத்திடுங்க."

கோப்பைத் திறந்தாள். அவள் கையெழுத்து அவளையே பார்த்தது. பெயர்க் கட்டத்தில் மாமியாரை ஒரே கோட்டில் அடித்துவிட்டு அரைமணியின் உண்மைப் பெயரை அழகாக எழுதியிருந்தது, புதிதாகச் சேர்ந்த கிளார்க்கம்மாவின் பேனா. பொறுப்பான பெண். உறையிலிருந்து வந்த தாள்களில் எண்ணைப் பார்த்து, கோப்பைத் தேடி எடுத்து, பெயர் தப்பாக இருக்கிறதே என்று திருத்தி, ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைக் குப்பையில் போட்டுவிட்டுக் கோத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல வழியே இல்லை.

"சார், இது பயிற்சி. வகுப்புல எழுதினது" என்றாள்.

மேனேஜர் கத்துகிற ஆள் இல்லை. கத்தினாலாவது பரவாயில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "இதுல இருக்கிற தேதி, நேரம் எல்லாம் பொய்யா?"

"பொய்யில்ல சார். ஆனா..."

"அப்ப ரெஜிஸ்டர்ல தினம் ஏழுன்னு எழுதினது யாரு?"

அவள் கோப்பை மூடினாள்.

"லெட்டர் நெஜம்னா ரெஜிஸ்டர் பொய். ரெஜிஸ்டர் நெஜம்னா லெட்டர் பொய். ரெண்டும் உங்க கையெழுத்து. எதைப் பொய்னு சொன்னாலும் உங்களைத்தான் நான் முதல்ல அனுப்பணும்." நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய நாற்காலியும் சாய்கிற ரகம்தான். "மடிப்பு மெஷின் வருது. ரெண்டு பேர் குறையப் போறாங்க. யாரோ ரெண்டு பேர். இந்தக் கோப்பு ரெடியா இருக்கு. ரெஜிஸ்டரை நான் பாக்கலைன்னு வெச்சுக்குவோம். நாளைக்கு முடிச்சுட்டு மேல வந்துடுங்க. அந்த நாற்காலி உறையைப் பிரிக்கச் சொல்லிடறேன்."

அன்று மாலை வீட்டில் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் உட்காராமல் நின்று வேலை செய்வார், அவளோ வந்ததும் தரையில் சாய்ந்துவிடுவாள். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எல்லாம் சரி, எங்கம்மா பேரை எதுக்குடி எழுதின?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"உசுரோட இருந்தப்பவும் அவங்களுக்கு லெட்டர் குடுக்காத குறைதான். செத்தப்புறம் மூணு குடுத்திருக்க." சிரிப்பார் என்று பார்த்தாள், சிரிக்கவில்லை. கத்தியை வைத்தார். "உன் முட்டிக்கு யாரு பதில் சொல்றது? அவளா வந்து எண்ணெய் தேய்ச்சு விடுவா? இருபத்தோரு வருஷம் நின்னாச்சு. போதும். போய் உக்காரு."

"அந்தப் பொண்ணு?"

"மெஷின் வந்தா எப்படியும் யாரையாவது அனுப்பத்தான் போறான். நீ தடுத்தா நிக்கப் போகுதா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் அவளுக்கு அலுப்பாக இருந்தது. தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். எழுந்து வெங்காயத்தை வாங்கி மிச்சத்தை அவளே உரித்தாள். கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை மாடிக்குப் போகும்போது, போன காரியத்தை முடித்துவிட்டு வருவது என்றுதான் போனாள். அதை மறைப்பானேன். நாற்காலியின் உறை பிரிக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்தாள். முதுகு பின்னால் சாய, முழங்கால்களில் இத்தனை வருஷமாக யாரோ பிடித்து முறுக்கிக்கொண்டிருந்த கை விட்டுப்போனது மாதிரி இருந்தது. சுகமாக இருந்தது. எதிர்ச் சுவரை ஒட்டிப் பாயின்ட் சார் மதிப்பீட்டுத் தாளோடு உட்கார்ந்திருந்தார். "நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்குங்கம்மா. பாக்கத்தான் வந்திருக்கேன், பேச மாட்டேன்" என்றார். அவர் பேச மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை. மேனேஜர் தன் அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

அரைமணி கதவருகே தயங்கி நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் இருப்பது யார் என்று பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதானா அக்கா! மேல கூப்பிடறாங்கன்னதும் நான் பயந்தே போயிட்டேன்."

வந்து எதிரில் உட்கார்ந்தாள், நாற்காலியின் நுனியில். புதுச் சக்கர நாற்காலியை ஒருமுறை பார்த்து, "நல்லா இருக்குக்கா. உங்க காலுக்கு இதான் சரி" என்றாள் ரகசியமாக.

இதற்குமேல் என்ன சொல்லிக்கொடுத்திருந்தார்கள்? முதல் வாக்கியத்தை நேராகச் சொல்ல வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது. குரலைத் தாழ்த்த வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும். அவள் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள்.

"தாமதமாக வந்ததற்காக உங்களுக்கு மூன்று முறை எச்சரிக்கைக் கடிதம் தரப்பட்டது. மூன்று முறையும் நீங்கள் பெற மறுத்துவிட்டீர்கள்."

"யாரு குடுத்தா?"

கடிதங்களை மேஜைமேல் திருப்பி வைத்தாள். அரைமணி எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். அந்த விரல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எட்டு மணிநேரம் உருளையின் முன்னால் நிற்கலாம்.

"பதினாலாம் தேதி... ஏழு... முப்பத்தி ஒம்போது." விரல் நின்றது. "அன்னிக்குப் பாப்பாவுக்கு வேன்லயே வலிப்பு வந்துச்சேக்கா. அழுதுக்கிட்டே ஓடி வந்தேன். நீங்கதானே தண்ணி குடுத்து உக்கார வெச்சீங்க?"

"ஆமா."

"தண்ணி குடுத்துட்டுப் போய் எழுதிக்கிட்டீங்களா?"

பாயின்ட் சாரின் வாயில் மிட்டாய் உருள்வது நின்றுவிட்டது. கழுத்தை நீட்டிக் கடிதங்களைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கில் தெரிந்தது, கண்டுபிடித்துவிட்டார்.

அரைமணி அடுத்த கடிதத்துக்குப் போனாள், பிறகு அடுத்தது. ஒரு தேதியையும் அவள் இல்லை என்று சொல்லவில்லை. "ஒண்ணும் பொய்யில்ல" என்றாள் கடைசியில். குரலில் கோபம்கூட வரவில்லை. காலையிலிருந்து ஈரத் துணி தூக்கிய களைப்புதான் இருந்தது. "ரெண்டு வருஷமா நிமிஷம் நிமிஷமா எண்ணிட்டு இருந்திருக்கீங்க. எனக்குத் தெரியாமப் போச்சு. நான் நாலு மணி வரைக்கும் நின்னது இதுல எங்கக்கா இருக்கு?"

எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஏப்ரன் பையில், நோட்டின் வலது பக்கத்தில். யாருமே கேட்காத பக்கம். வகுப்பில் அதைக் கேட்கிற படிவம் ஒன்றுகூட இல்லை; தாமதத்துக்கு மூன்று படிவம் இருந்தது.

மிச்ச வாக்கியங்கள் அவளிடம் தயாராக இருந்தன. நன்றியோடு அனுப்புவது, சாவியையும் அடையாள அட்டையையும் கேட்டு வாங்குவது. அவற்றைச் சொல்லிவிட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வாயைத் திறந்தும் பார்த்தாள். வரவில்லை. மனசாட்சி, வீரம் என்று பெரிய சொல்லெல்லாம் வேண்டாம். அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து, இன்னும் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மேஜை இழுப்பறையைத் திறந்தாள். எச்சரிக்கைப் படிவங்கள் கட்டாக இருந்தன. ஒன்றை எடுத்துப் பெயர்க் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். பணி எண் கட்டத்தில் தன் எண்ணை, இம்முறை முழு விழிப்போடு எழுதினாள். 'கீழ்க்கண்ட மூன்று கடிதங்களும் வகுப்பில் பயிற்சிக்காக என்னால் எழுதப்பட்டவை, ஊழியரிடம் ஒருபோதும் தரப்படவில்லை. சாட்சிகள் என் வகுப்புத் தோழர்கள். ஊழியர் ஏழரைக்கு வந்து நான்கு மணி வரை வேலை செய்தது என் சம்மதத்தோடு. பதிவேட்டில் ஏழு என்று எழுதியது நான்.' எழுதி முடித்து, ஊழியர் கையொப்பம் என்ற இடத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"சாட்சி வேணும் சார்" என்று தாளைப் பாயின்ட் சாரிடம் நீட்டினாள்.

அவர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். இந்தக் கம்பெனி வருஷத்துக்குப் பன்னிரண்டு பேரை அவரிடம் அனுப்புகிறது. அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது. நெற்றியைத் தேய்த்தார், இருமினார், மிட்டாயைக் கடித்து விழுங்கினார்.

"பாயின்ட்டுக்கு வருவோம்" என்றார் அடைத்த குரலில். வந்தும்விட்டார். கையெழுத்துப் போட்டு, கீழே, 'மேற்படி கடிதங்களுக்கு நான்காம் வாரம் பதினெட்டு மதிப்பெண் வழங்கினேன், என் பதிவேட்டில் உள்ளது' என்று எழுதித் தேதியும் போட்டார். தேதி இல்லாத தாள் நிற்காதல்லவா.

இரண்டாவது சாட்சியாக அரைமணி விரலை வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். எழுந்து போகும்போது நாற்காலியை ஒழுங்காக மேஜைக்குள் தள்ளிவிட்டுப் போனாள்.

மேனேஜர் தாளை இரண்டு தடவை படித்தார். வெளியாள் கையெழுத்து இருக்கிற தாளைக் கிழித்தும் போட முடியாது, ஒளித்தும் வைக்க முடியாது. "உங்களுக்கு நல்லது செய்யப் பார்த்தேன்" என்றார், நிஜமாகவே மனவருத்தத்தோடு. அவளுக்கு ஒரு மாதம் தற்காலிக நீக்கம், எச்சரிக்கை கோப்பில் ஏறும், மேல் இடம் கிடையாது. சான்றிதழும் கிடையாது, கூட்டம் அதன் நோக்கத்தை அடையவில்லை என்று மதிப்பீட்டுத் தாளில் இருந்தது. அதையும் பாயின்ட் சார்தான் எழுதியிருந்தார். நேர்மையான மனிதர். அரைமணிக்கு மெஷின் வரும் வரை ஏழரை மணி அனுமதி, எழுத்தில். மெஷின் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கணவர் அவளைத் திட்டவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்தார். கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தார். "எங்கம்மா பேராவது சுத்தமாச்சே" என்றார்.

ஒரு மாதம் கழித்து அவள் கூடத்துக்குத் திரும்பிய காலையில் ஆவியும் சத்தமும் அப்படியே இருந்தன. புது விதிப்படி அவரவர் நேரத்தை அவரவரே பதிவேட்டில் எழுத வேண்டும். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். மடிப்பு மேஜைப் பெண்கள் ஓடிவந்து, "இளைச்சுட்டீங்கக்கா", "ஒரு மாசம் நல்லாத் தூங்கினீங்களாக்கா" என்று சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி எங்கிருந்தோ ஒரு முக்காலியைத் தூக்கி வந்து உருளையின் பக்கத்தில் போட்டாள். ஐந்து நிமிடத்தில் துணி வண்டி வந்து அது ஓரத்துக்குப் போனது.

சரியாக ஏழரைக்கு அரைமணி வந்தாள். பேனாவை வாங்கி, எழுத்துக்கூட்டி, மெதுவாக எழுதினாள். 'ஏழு முப்பது. அனுமதியுடன்.' எழுதிவிட்டுப் பதிவேட்டை இவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சரியா எழுதியிருக்கேனா மேடம்?"

அரைமணியின் குரலில் கிண்டல் இருக்கிறதா என்று இவள் தேடிப் பார்த்தாள். இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரியா இருக்கு" என்றாள்.

அரைமணி தன் மேஜைக்குப் போய் முதல் விரிப்பை உதறினாள். அவள் நாலு மணிக்குக் கிளம்பும்போதும் தானே எழுதிவிட்டுத்தான் போகிறாள், ஒரு நாள் தவறாமல். மெஷின் வந்தபாடில்லை, மடிப்பு மேஜைகளில் இன்னமும் பன்னிரண்டு பேர். பதினோரு பேர் இவளை அக்கா என்று கூப்பிடுகிறார்கள்.